குறுக்கே பேசுகிற உரிமை

ஆபீஸில் அவளுக்குப் பாத்ரூம் அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சொல்வது அவளுக்குத் தெரியும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். பெயர் வந்த கதை பெரிய ரகசியமில்லை. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு ஷெட்யூலர் என்றால் என்னவென்று பாடம் எடுப்பது அவள் பொறுப்பு. மற்றவர்களாக இருந்தால் கட்டம் வரைவார்கள், அம்புக்குறி போடுவார்கள். அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஒரு வீடு. வீடு நிறைய விருந்தாளிங்க. பாத்ரூம் ஒண்ணே ஒண்ணு" என்று ஆரம்பிப்பாள்.

"ஒரு நேரத்துல ஒருத்தர்தான் உள்ள போகமுடியும். எல்லாருக்கும் அவசரம். யார் முதல்ல போறது, போனவர் எவ்வளவு நேரம் இருக்கலாம், ஒருத்தன் வயித்தைப் பிடிச்சிட்டு ஓடிவந்து கதவைத் தட்டினா உள்ள இருக்கிறவர் பாதியில வெளிய வரணுமா வேணாமா, இதையெல்லாம் தீர்மானிக்கிறதுதான் நம்ம வேலை. கம்ப்யூட்டருக்கு மூளை ஒண்ணு, வேலை ஏகப்பட்டது. அவ்வளவுதான் விஷயம். காலேஜ்ல வேற மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தா மறந்துடுங்க."

அவர்கள் காலேஜை மறந்தார்களோ இல்லையோ, பாத்ரூமை மறக்கவில்லை.

அந்தக் கம்பெனி செய்வது சின்ன இயந்திரங்களுக்குள் ஓடுகிற ஆபரேட்டிங் சிஸ்டம். காய்கறிக் கடைத் தராசு, டிக்கெட் அச்சடிக்கிற பெட்டி, துணி துவைக்கிற மிஷின் என்று எதற்குள்ளும் அது இருக்கும். ஓடுகிறவரை அப்படி ஒன்று உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. நின்றுபோனாலும் திட்டு கடைக்காரருக்குத்தான் விழும். அக்காவுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. மூக்குக்கு மேலே கோபம் வருகிற ஒருத்திக்கு, முகம் தெரியாத வேலை நல்லதுதானே. ஏசி குளிருக்கு ஒரே பழுப்பு ஸ்வெட்டரைப் பல வருஷமாகப் போட்டுக்கொண்டு, ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து, யாருக்கு அடுத்த முறை என்று தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் முறை என்ற பேச்சுக்கே இடமில்லை. அவள் வீட்டுக்காரர் பழைய கார் வாங்கி விற்கிற தரகர். அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் அவரை ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். எதிரே ஆள் வாயைத் திறப்பதற்குள் அவர் ஒலித்துவிடுவார். "இந்தக் கதவுல ஒரு சத்தம்..." என்று வாங்க வந்தவர் இழுத்தால், "அது கம்பெனி சத்தம் சார், அந்தச் சத்தம் வரலேன்னாதான் நீங்க பயப்படணும்" என்று பாதியிலேயே முடித்துவைப்பார். வந்தவர் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டே காரை ஓட்டிப் போவார்.

இப்படிப்பட்டவருக்கும் இப்படிப்பட்டவளுக்கும் கல்யாணம் ஆனால் என்ன ஆகும்? சண்டைதான். ஆனால் அதைச் சண்டை என்று சொன்னால் இரண்டு பேருக்கும் கோபம் வரும். அவர்கள் பேசிக்கொள்கிற விதமே அதுதான். ஒருவர் சொல்வதை மற்றவர் முழுதாகக் கேட்டு முடித்ததாக அந்த வீட்டுச் சரித்திரத்தில் இல்லை. அவள் முதல் பாதியைச் சொல்வாள், இரண்டாம் பாதியை அவர் தப்பாக முடிப்பார், அதை மறுத்து அவள் ஆரம்பிக்க, அதன் நடுவில் அவர் அவளுடைய அண்ணனை இழுப்பார். மகன் ஹாஸ்டலுக்குப் போன பிறகு நடுவர் இல்லாத ஆட்டமாக அது இன்னும் களைகட்டியது. அவள் ஆபீஸ் விட்டு அடித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்ததே அதற்காகத்தான். யாராவது கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டாள்.

ஹாரனுக்குத் தொண்டை கரகரத்தது. "நாள் முழுக்கக் கத்தறேன்ல" என்று மிட்டாய் சப்பிக்கொண்டு திரிந்தார். கரகரப்பு போகவில்லை. கடைசியில் டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார்: குரல்வளையை எடுத்தால் ஆள் இருப்பார், வைத்தால் இரண்டும் இருக்காது. எடுத்தார்கள். ஆள் இருந்தார்.

குரலுக்குப் பதிலாக ஒரு பேச்சுப்பெட்டி வந்தது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. எழுத்தைத் தட்டினால் அது பேசும். அடிக்கடி சொல்கிற வாக்கியங்களை ஒரே பொத்தானில் சேர்த்தும் வைத்துக்கொள்ளலாம். ஹாரன் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே உட்கார்ந்து "பொய்", "அது போன வருஷம்", "உங்க அண்ணன் மாதிரியா?" என்று தன் வாழ்க்கைக்குத் தேவையானதையெல்லாம் பொத்தான்களில் நிரப்பினார். பெட்டியின் குரல்தான் கொஞ்சம் இடித்தது. செய்தி வாசிக்கிறவர் குரல் அது. அவர் சாம்பாரில் உப்பில்லை என்று தட்டினால், எங்கேயோ பாலம் இடிந்துவிட்டது போல அறிவிக்கும். முதல் நாள் அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சிரிப்பு சீக்கிரமே நின்றது. பொத்தானை அழுத்திய பிறகு பெட்டி கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அதிகமில்லை, கொட்டாவி விட்டு வாயை மூடுகிற நேரம். மருந்து வேண்டும், தண்ணீர் வேண்டும் என்று கேட்க அது போதும். குறுக்கே பேசப் போதாது. அக்கா எதையோ அளந்துகொண்டிருப்பாள், அவர் சரியான இடத்தில் "பொய்" பொத்தானை அழுத்துவார், பெட்டி யோசித்துக்கொண்டிருக்கும், அவள் அடுத்த விஷயத்துக்குப் போய் "எதிர்வீட்டு அம்மா கீழ விழுந்து கால் ஒடிஞ்சிடுச்சாம், பாவம்" என்பாள், பெட்டி கம்பீரமாக "பொய்" என்னும்.

இது சரிப்படாது என்று அக்கா காத்திருக்கப் பழகினாள். ஒரு வாக்கியம் சொல்வாள், வாயை மூடிக்கொள்வாள், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்ப்பாள். அவர் தட்டுவார், பெட்டி பேசும், அவள் தலையாட்டிவிட்டு அடுத்ததைச் சொல்வாள். தகராறே இல்லை. எல்லாவற்றிலும் அவள்தான் ஜெயித்தாள். திரைச்சீலை நிறத்திலிருந்து மகனுக்குப் பைக் வாங்கித் தருவதுவரை அவள் வைத்ததுதான் சட்டம்.

ஒரு நாள் ஹாரன் பெட்டியை மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். மறுநாளும் எடுக்கவில்லை. தலையை மேலும் கீழும் ஆட்டினால் சரி, பக்கவாட்டில் ஆட்டினால் வேண்டாம், அவ்வளவுதான் பேச்சு. தொழில் நண்பர்கள் வந்தால் தூங்குவது போல் படுத்துக்கொண்டார். நாத்தனார் வந்து அவர் காதருகே குனிந்து, "அண்ணா, நல்லா இருக்கியா" என்று எழுத்து எழுத்தாகக் கத்தினாள்.

"தொண்டையைத்தாம்மா எடுத்தாங்க. காது அங்கேயேதான் இருக்கு" என்றாள் அக்கா.

"இல்ல அண்ணி, பாவம், புரியணும்ல" என்று நாத்தனார் இன்னும் கொஞ்சம் கத்தினாள். ஹாரன் அதற்கும் தலையை மேலும் கீழும் ஆட்டினார். பழைய ஹாரனாக இருந்தால் அந்தப் பெண் அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருப்பாள். அப்போதுதான் அக்காவுக்குப் பயம் வந்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தபோதுகூட வராத பயம். குரலைத்தான் டாக்டர் எடுத்தார். பேச்சை இவரே எடுத்து இழுப்பறையில் வைத்துவிட்டார். இப்படியே விட்டால் இனி வெளியே வரமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவள் பெட்டியை எடுத்துச் சார்ஜில் போட்டாள். பேட்டரி முழுக்கச் செத்திருந்ததால் அது முதலிலிருந்து உயிர் பெற்றது. திரையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி வந்து மறைந்தது. அவளுக்கு மனப்பாடமான வரி. அவள் கம்பெனியின் ஆபரேட்டிங் சிஸ்டம்தான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெட்டிக்காரர் அதை வாங்கிப் போட்டிருக்கிறார்.

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துப் பெட்டியோடு இணைத்துக் குடைந்தாள். ஒரு முறைக்கு எவ்வளவு நேரம், கதவைத் தட்டலாமா கூடாதா என்ற எண்களெல்லாம் தராசுக்கு வைத்த எண்களாகவே இருந்தன. தராசில் எடை போடுகிற வேலையை நடுவில் கலைக்கக்கூடாது, ஆகவே யாரும் கதவைத் தட்டக்கூடாது, உள்ளே போனவர் சாவகாசமாக வரலாம். அந்த எண்களை முடிவு செய்த மீட்டிங் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எல்லோருக்கும் பசி. "இதுவே இருக்கட்டும்" என்று யாரோ சொல்ல, எழுந்து சாப்பிடப் போய்விட்டார்கள். எண்கள் புரோகிராம் என்கிற நிரலோடு நிரலாகச் சேர்த்துக் கட்டப்பட்டு, அதற்குப் பிறகு வந்த இயந்திரங்களுக்கெல்லாம் அப்படியே போயின. மாற்ற வேண்டுமானால் முழுசாகத் திரும்பக் கட்டி, ஏற்றி, அணைத்துப் போட வேண்டும். ஆகவே யாரும் மாற்றவில்லை. இந்தப் பெட்டிக்குள் குரல் நிரல் வரிசையில் நின்றது. அதற்கு முன்னால் பேட்டரி பார்க்கிறது, திரை வெளிச்சம் சரிசெய்கிறது, அடுத்த வார்த்தையை ஊகிக்கிறது, புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறது எல்லாம் ஆற அமர உள்ளே போய் வந்துகொண்டிருந்தன.

"தராசுக் கணக்குல என் புருஷன் பேசிட்டு இருக்காரு" என்று அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அவள் மேலதிகாரிக்குக் கல்வெட்டு என்று பெயர். வைத்ததும் அவள்தான். ஒரு தரம் முடிவு செய்தால் செய்ததுதான், தலைகீழாக நின்றாலும் எழுத்து மாறாது. திங்கட்கிழமை காலையில் அவள் அவர் அறைக்குப் போய் ஒற்றைக் காலில் நின்றாள்.

"ஷெட்யூலர் எண்களை ஓடும்போதே மாத்துற மாதிரி வைக்கணும். ஒரு ஃபைல்ல புது எண்ணை எழுதினா அடுத்த நொடியே அது நடைமுறைக்கு வரணும். அணைக்க வேணாம், திரும்பக் கட்ட வேணாம்."

"எதுக்கு? இத்தனை வருஷம் ஓடலையா?"

"தராசு ஓடுது. பேச்சுப்பெட்டி பேசமாட்டேங்குது."

"திருகுற குமிழைக் கையில கொடுத்தா எவன் எவனோ திருகுவான். திருகிட்டு நமக்குப் போன் பண்ணுவான். எண்ணுன்னா ஒரு இடத்துல உக்காரணும்மா."

"தராசுக்கு ஒரு எண், பெட்டிக்கு ஒரு எண். ஒரே செருப்பை ஊருக்கே மாட்டிவிட்டா எப்படி?"

"இது உண்மையிலேயே தேவைன்னு யாராவது பயன்படுத்துறவர் வந்து சொல்லட்டும். அப்புறம் பார்க்கலாம்" என்றார் கல்வெட்டு. பயன்படுத்துகிறவர் எவரும் ஆபீஸ் வாசலை மிதித்ததில்லை என்ற தைரியம் அவருக்கு.

மறுநாள் அவள் ஹாரனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் வரமாட்டேன் என்று பக்கவாட்டில் தலையாட்டினார். "அந்த ஆளை ஒரு தரம் பார்க்கணும்னு நீங்கதானே ஆசைப்பட்டீங்க" என்று அவள் ஆசை காட்டினாள். பெட்டியை அவளே பையில் போட்டுக்கொண்டாள்.

கல்வெட்டு எழுந்து நின்று வரவேற்றார். நல்ல மனிதர்தான். மௌனம் என்றால்தான் அவருக்கு ஆகாது. "வாங்க, வாங்க. உடம்பு எப்படி இருக்கு?" ஹாரன் தட்டினார். பெட்டி யோசித்தது. கல்வெட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "உங்க வீட்டம்மா இங்க தூண் மாதிரி. எப்படி வேலை செய்றாங்கன்னு நினைக்கிறீங்க?"

"ஏதோ உயிர் போகாம இருக்கு" என்றது பெட்டி.

கல்வெட்டு சிரித்து வைத்தார். "என்னைப் பத்தி வீட்டுல ஏதாவது சொல்வாங்களா?" ஹாரன் தட்டினார். அந்த மௌனமும் தாங்கவில்லை. "சரி, சுவத்துல மாட்டியிருக்கே, அந்த அவார்டு எதுக்குக் கொடுத்தாங்கன்னு தெரியுமா?"

"கல்வெட்டு" என்றது பெட்டி, செய்தி வாசிக்கிற குரலில்.

அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. சமாளித்துக்கொண்டு, "காபிக்குச் சர்க்கரை போடலாமா?" என்றார். பதில் வரவில்லை. தாழ்ந்த குரலில், "அவங்க என்கிட்ட வேலை பார்க்கிறதுல சந்தோஷமாத்தானே இருக்காங்க?" என்றார்.

"டாக்டர் சுத்தமா வேணாம்னுட்டார்" என்றது பெட்டி.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஹாரன் முகம் பச்சைக் குழந்தை போல இருந்தது. கதவுச் சத்தத்தைக் கம்பெனி சத்தமாக விற்றவர் முகம் அது. அவருக்குத் தாமதம் எவ்வளவு என்று தெரியும், இந்த ஆளுக்கு மௌனம் பிடிக்காது என்பதும் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே அடித்தாரா என்று அவள் பிறகு கேட்டபோது அவர் தலையை எந்தப் பக்கமும் ஆட்டவில்லை.

"போதும்மா. பண்ணு" என்றார் கல்வெட்டு. "ஆனா எல்லை வை. அடியில ஒண்ணு, மேல ஒண்ணு. எவனும் அதைத் தாண்டித் திருகக்கூடாது."

எண்ணை மாற்றவிடுவது சுலபம் என்று நினைப்பவர்கள் செய்து பார்க்க வேண்டும். விருந்தாளிகள் வரிசையில் நிற்கிறார்கள், ஒருத்தர் உள்ளே இருக்கிறார், அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரி நேரத்தைப் பாதியாகக் குறைக்கிறாள். உள்ளே இருப்பவருக்குப் பழைய கணக்கா, புதுக் கணக்கா? நிற்பவர்களுக்குச் சொல்லிவைத்த இடம் என்ன ஆகும்? அக்கா உள்ளே இருப்பவருக்குப் பழைய நேரம், அடுத்தவரிலிருந்து புது நேரம் என்று வைத்தாள். பரிசோதனை பார்க்கிற பெண்ணுக்குச் சகுனம் என்று பெயர். அவள் ஒருவர் மேஜைப் பக்கம் நடந்து வந்தால் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். அவள் வந்தாள்.

"அக்கா, வேலை மும்முரமா இருக்கும்போது எண்ணை மாத்தினேன். பேட்டரி நிரல் வரிசையில கடைசிக்குப் போயிடுச்சு. திரும்ப வரவே இல்ல."

நின்றவர்களில் பாதிப் பேருக்குப் பழைய கணக்கும் மீதிப் பேருக்குப் புதுக் கணக்கும் ஒட்டியிருந்தன. அதைப் பிரித்து, எண் மாறுகிற கணத்தில் வரிசை முழுவதற்கும் ஒரே கணக்கைப் போட்டுச் சரிசெய்தாள். எல்லை வைப்பது மட்டும் பாக்கி. எல்லை வைப்பது அவர்கள் ஆபீஸில் எப்போதும் கடைசி வேலை, வீடு கட்டி முடித்த பிறகு மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைப்பது போல. அவளுக்கோ பொறுமை இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்படியே வீட்டுப் பெட்டியில் ஏற்றிக்கொண்டாள்.

"எல்லை வைக்காமலா அக்கா?" என்றாள் சகுனம்.

"நம்ம வீட்டு ஆள்தானே, பார்த்துக்கலாம்."

திரையில் அவருக்காக ஒரு கோடு வரைந்து கொடுத்தாள். இடது கோடியில் மெதுவா, வலது கோடியில் வேகமா. விரலால் இழுத்தால் உள்ளே எண் மாறும். குரலுக்குக் கதவைத் தட்டுகிற உரிமையும், உள்ளே நிற்கிற நேரமும் அதில் கூடும் குறையும். ஹாரன் வலது பக்கம் இழுத்துப் பொத்தானை அழுத்தினார். விரலை எடுப்பதற்குள் "பொய்" என்றது பெட்டி. அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியது போல இருந்தது, அக்கா அதைப் பார்க்காதது போல இருந்துகொண்டாள்.

மறுநாள் குடியிருப்புச் சங்கக் கூட்டம். லிஃப்ட் ஓடாமல் எத்தனையோ நாள் ஆகிவிட்டது. தரைத்தளத்து வீட்டுக்காரரான செயலாளர், படியேறுவது இதயத்துக்கு நல்லது என்று வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தார். ஹாரன் கோட்டை வலது கோடிக்கே இழுத்தார். கார்காரர் கால், மிதித்தால் தரையைத் தொட வேண்டும். செயலாளர் மூச்சு விடுகிற இடம் பார்த்து அழுத்தினார்.

"நீங்க கீழ் வீட்ல இருக்கீங்க. அதான் லிஃப்ட் ஓடல."

கூட்டம் சிரித்தது. செயலாளர் காதில் விழாத மாதிரி தொடர்ந்தார். சந்தை, பேருந்து நிலையம் மாதிரி சத்தமான இடங்களுக்காக அந்தப் பெட்டியில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும். ஹாரன் அதை அழுத்தினார். பெட்டி மறுபடி சொன்னது. மறுபடியும் சொன்னது. செயலாளர் வாயடைத்து நின்றதும், போதும் என்று ஹாரன் பொத்தானை அழுத்தினார். "நீங்க கீழ் வீட்ல இருக்கீங்க" என்றது பெட்டி.

அக்காவுக்கு விஷயம் உடனே விளங்கியது. குரல் உள்ளே போய்விட்டது. எத்தனை நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம், வெளியே வந்தாலும் மறுபடி முதலில் நுழையலாம். பொத்தான்களைப் பார்க்கிற நிரல் வெளியே காலை இறுக்கிக்கொண்டு நிற்கிறது. அணைக்கிற பொத்தானையும், அந்தக் கோட்டையும் பார்க்க வேண்டியது அதே நிரல்தான். அவள் அழுத்தினாள், இழுத்தாள், தட்டினாள். பெட்டி கம்பீரமாக லிஃப்டைப் பற்றிச் செய்தி வாசித்தது. பேட்டரி மூடியில் திருகாணி. சேலைத் தலைப்பில் சுற்றினாள். தலைப்புக்குள்ளிருந்து செய்தி வந்தது.

"சரிங்க, நாளைக்கே ஆள் வரச் சொல்றேன்" என்றார் செயலாளர். "அதை முதல்ல நிறுத்துங்க."

"நிக்கமாட்டேங்குது" என்றாள் அக்கா உண்மையாக.

"இன்னைக்கே வரச் சொல்றேங்க."

இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். லிஃப்ட்தான் இல்லையே. ஒவ்வொரு மாடியிலும் பெட்டி அறிவித்துக்கொண்டே போனது, கூட்டத்துக்கு வராதவர்கள் கதவைத் திறந்து கேட்டுக்கொண்டார்கள். நடுப்படியில் ஹாரன் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அக்கா பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சத்தமில்லாமல் அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் நீர் வழிய. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான். அவளுக்கும் தாங்கவில்லை. மடியில் பெட்டி செயலாளரை விசாரித்துக்கொண்டிருக்க, இரண்டு பேரும் படியில் சாய்ந்து கிடந்தார்கள்.

வீட்டில் திருகாணியைக் கழற்றிப் பேட்டரியை எடுத்த பிறகுதான் பெட்டி ஓய்ந்தது. திங்கட்கிழமை அக்கா எல்லை வைத்தாள். யார் எவ்வளவு திருகினாலும் வரிசையில் நிற்கிற எவருக்கும் ஒரு கணமாவது கதவு திறக்கும் என்று வைத்தாள். சகுனம், "சொன்னேன்ல" என்று வாயால் சொல்லாமல் நின்றாள்.

"எல்லை வச்சாச்சா?" என்றார் கல்வெட்டு.

"வச்சாச்சு."

"வீட்ல ஏதாவது பிரச்சினை ஆச்சா?"

"இல்லை, லிஃப்ட் ஓடுது" என்றாள்.

பெட்டி இழுப்பறைக்குத் திரும்பிப் போகவில்லை. தொழில் நண்பர்கள் வந்தபோது ஹாரன் தூங்கவில்லை. ஒரு ஆளிடம் பின்கதவு திறக்காத காரை, குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு அதுதான் பாதுகாப்பு என்று பாதிப் பேச்சில் புகுந்து விற்றார். நாத்தனார் குனிந்து வாயைத் திறப்பதற்குள் "கேக்குது" என்றது பெட்டி. திடுக்கிட்டு நிமிர்ந்தவள் அதன் பிறகு கத்தவில்லை.

அக்காவிடம் மட்டும் பெட்டி பழையபடி யோசித்தது. அவள் சொல்லி முடிப்பாள், பெட்டி கொட்டாவி விடுகிற நேரம் எடுத்துக்கொள்ளும், பிறகு பேசும். அவள் தன் நிரலில்தான் ஏதோ ஓட்டை என்று நினைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தாள். சகுனத்தையும் பார்க்கச் சொன்னாள். ஓட்டை எதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துவைத்த துணிகளை அள்ளிக்கொண்டு படுக்கையறைக்குள் நுழைந்தபோது அலமாரிக் கண்ணாடியில் பார்த்தாள். அவள் காலடிச் சத்தம் கேட்டதும் ஹாரனின் கட்டைவிரல் கோட்டை இடது கோடிக்கு இழுத்தது.

அவள் துணிகளைக் கட்டிலில் போட்டாள். "என்கிட்ட மட்டும் ஏன் மெதுவா வைக்கிறீங்க?" என்றாள். வாயை மூடிக்கொண்டாள். கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"பார்த்தியா" என்றது பெட்டி, நேரம் கழித்து.

"என்ன பார்த்தியா?" மறுபடி காத்திருந்தாள்.

"இப்பவும் காத்திருக்கே. நர்ஸ் மாதிரி. கார் வாங்க வர்றவன்கூட நான் முடிக்கிறவரைக்கும் பொறுக்கிறதில்ல. நீ மட்டும்தான் கையைக் கட்டிட்டு உக்காந்திருக்கே. எவ்வளவு வேகமா வச்சாலும் நீ காத்திருக்கத்தான் போறே. அப்ப நல்லா காத்திருன்னு மெதுவா வச்சேன்."

அவளுக்கு முதலில் வலித்தது. ஓங்கி அறைந்தது போல் வலித்தது. இவருக்காக எவ்வளவு மல்லுக்கட்டினேன் என்று நினைத்ததும் மூக்கு விடைத்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் தட்டி முடிக்கட்டும் என்று நின்றாள்.

"ஆஸ்பத்திரியிலருந்து வந்த நாள்லருந்து தினமும் ஈரத் துண்டைக் கட்டில்ல போடறேன்" என்றது பெட்டி. "ஒரு நாள் திட்டினியா?"

அவள் கட்டிலைப் பார்த்தாள். துவைத்த துணிகளுக்கு அடியில் ஈரத் துண்டு கிடந்தது. தினமும் கிடந்தது. தினமும் அவள் பாவம் என்று எடுத்துக் கொடியில் போட்டிருக்கிறாள்.

"வேணும்னே போட்டீங்களா?"

"வேணும்னேதான்."

"மெத்தை ஊறி நாறுது, வாரா வாரம் தூக்கிட்டுப் போய் வெயில்ல போடறேன், இடுப்பு ஒடியுது, வேணும்னே போட்டாராம், ஏங்க, ஒரு மனுஷி இத்தனை மாசமா..."

அவர் கட்டைவிரல் கோட்டை வலது பக்கம் தள்ளியதை அவள் பார்த்தாள். பார்த்தும் நிறுத்தவில்லை.

"மெத்தை நாறுறது உன்..."

"பேசாதீங்க, நான் இன்னும் முடிக்கல..."

"...தலையில வைக்கிற எண்ணெயால" என்றது பெட்டி, அவள் குரலுக்கு மேலேயே.

அவள் துண்டை எடுத்து அவர் மேல் எறிந்தாள். எண்ணெயைப் பற்றிப் பேச வழுக்கைத் தலைக்கு என்ன யோக்கியதை என்று ஆரம்பித்தாள், அதன் நடுவில் பெட்டி புகுந்தது, அதற்கு மேலே அவள் கத்தினாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது, அதைத் துடைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. தொண்டை கட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

ஹாரன் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அப்புறம்?" என்றது பெட்டி.

அப்புறமும் நிறைய இருந்தது. அவர் பாதியிலேயே குறுக்கே வருவார் என்று தெரிந்துகொண்டே அவள் ஆரம்பித்தாள்.